தலைச்சோலைக்கு வந்த ஒரு வேலை

படம் பிடிக்கத் தெரியாத என்னைத்தான் படம் எடுத்து வரச் சொல்லி ஏற்காட்டுக்கு அனுப்பினார்கள். சென்னையில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். நுண்ணோக்கி துடைக்கிற துணிக்கு டெண்டர் விடுவேனே தவிர, அதற்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. கொரோனா வந்து போன பிறகு, படுத்துவிட்ட பொருளாதாரத்தை எழுப்பி உட்கார வைக்க அரசாங்கம் பல துறைகளுக்குப் பணம் கொடுத்தது. எங்களுக்கும் வந்தது. ஒரே நிபந்தனை. ஆராய்ச்சியும் நடக்க வேண்டும், உள்ளூர் ஆட்களுக்கு வேலையும் உண்டாக வேண்டும். எங்கள் விஞ்ஞானிகளுக்கு முதல் பாதி புரிந்தது. இரண்டாம் பாதியை என் மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள்.

மலை மக்களின் ரத்தசோகை பற்றிய ஆய்வு அது. சேர்வராயன் மலையில் தலைச்சோலை என்ற ஊருக்கு மட்டும் ஒரு களப்பணியாளர். செவந்தி என்று பெயர். பிளஸ் டூ முடித்து, செவிலியர் உதவியாளர் படிப்பும் படித்த பெண். சேலத்தில் நேர்காணல் வைத்து எடுத்தார்கள். வீடு வீடாகப் போய், விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் ஒற்றி, ஏற்காட்டுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மாதச் சம்பளம். இந்தத் திட்டத்தை நீட்டிப்பதா, இழுத்து மூடுவதா என்று டெல்லியில் யோசனை ஓடுகிறது. அவர்களுக்குக் காட்ட, வேலை கிடைத்ததால் மலர்ந்த முகம் ஒன்று தேவை.

"செவந்தி சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ. அவ்வளவுதான். அப்படியே ஏரியையும் பார்த்துட்டு வாங்க" என்றார் இயக்குநர். சம்பளத்தோடு சுற்றுலா என்று நினைத்துக் கிளம்பினேன். எனக்கு இருக்கிற அறிவு அவ்வளவுதான்.

சேலத்தில் ஏறிய பஸ் அடிவாரம் தாண்டியதும் கண்டக்டர் எழுந்து நின்று, "வாந்தி வர்றவங்க எல்லாம் ஜன்னல் பக்கம் வந்துருங்க!" என்று அறிவித்தார். வெட்கமாக இருந்தாலும் எழுந்து போனேன். எனக்கு முன்பே ஒரு போலீஸ்காரர் அங்கே இடம் பிடித்திருந்தார். பின் சீட்டில் பெங்களூர் தம்பதி. எனக்குக் கன்னடம் அரைகுறைதான் என்றாலும் குடும்பச் சண்டை எந்த மொழியிலும் புரியும். "நம்ம ஊர்லயே மலை இருக்கே, இதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம்?" என்று அந்த அம்மா கேட்டாள். "அங்கே இருந்தா ஆபீஸ்ல கூப்பிடுவாங்க. இங்கே சிக்னலே கிடைக்காது" என்றார் கணவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. ஆபீஸ்தான்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று திரும்பவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றுவிட்டது. மேலேயிருந்து வந்த கார்களும் கீழேயிருந்து போன பஸ்களும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு நின்றன. சென்னையாக இருந்தால் இந்நேரம் ஆரன் சத்தத்தில் காது கிழிந்திருக்கும். இங்கே எல்லோரும் இறங்கி, அவரவருக்குத் தெரிந்த வழியை டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வண்டி ஓட்டத் தெரியாத நான்கூட "லெப்ட்ல ஒடிங்க" என்றேன். கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

லாட்ஜில் 'வெந்நீர் உண்டு' என்று எழுதியிருந்தது. எப்போது என்று எழுதவில்லை. மலை முழுக்கக் காப்பித் தோட்டம், நாமும் காப்பிக்கு உயிரை விடுகிறவர்கள், ஆசையோடு கடைத்தெருவுக்குப் போனேன். கேட்ட இரண்டு கடையிலும் டீதான் இருந்தது. "காப்பியெல்லாம் கீழ போயிருமுங்க" என்றார் கடைக்காரர், பள்ளிக்கூடம் போயிருக்கிற பிள்ளைகளைச் சொல்வதுபோல.

மறுநாள் காலையில் தலைச்சோலைக்கு ஜீப். ஆட்கள், சிமெண்டு மூட்டை, என் காலடியில் ஒரு காஸ் சிலிண்டர். டிரைவர் பலாப்பழம் வாங்குவதற்காக ஓரிடத்தில் நிறுத்தி, பேரம் படியாமல் கோபத்தோடு திரும்பி வந்து, அந்தக் கோபத்தை மிச்ச வழி முழுக்க ரோட்டின் மேல் காட்டினார். இறங்கும்போது என் எலும்புகள் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றனவா என்று சந்தேகமாகவே இருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் வெள்ளைக் கோட்டு கண்ணில் பட்டது. சேலைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு, ஒரு பெரியவரின் விரலைப் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தார் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும், ஐம்பதை நெருங்குகிற வயது. "செவந்தி யாருங்க?" என்றேன்.

"இன்னைக்கு நாந்தானுங்க மேடம்" என்றார்.

இன்னைக்கு என்ற சொல்லை நான் காதில் வாங்கவே இல்லை. போனை எடுத்து, வெளிச்சம் பார்த்து நிற்க வைத்தேன். கோட்டு கைப்பக்கம் நீளம். முகம் விறைப்பாக இருந்தது.

"கொஞ்சம் சிரிங்க."

"எதுக்குங்க சிரிக்கோணும்?"

"வேலை கிடைச்சிருக்கே, அதுக்கு."

"வேலை எப்பவும் இருக்குதுங்களே மேடம். சம்பளந்தானுங்க புதுசு" என்று சொல்லிவிட்டு, அதற்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடித்துவிட்டேன். படம் பிரமாதமாக வந்திருந்தது.

சாயங்காலம் ஏற்காட்டில் சிக்னல் கிடைத்ததும் ஆபீசுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. ஆய்வுக் குழுவில் இருக்கிற இளம் விஞ்ஞானி. "மேடம், இது யாரு?" என்றாள். செவந்தி என்றேன். "செவந்திக்கு இருபத்திரண்டு வயசு மேடம். நான்தானே நேர்காணல்ல எடுத்தேன்." ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பரோட்டாவை அப்படியே மூடி வைத்தேன். ஆள் மாறாட்டமா? போலி ஆளா? அரசாங்கப் பணமாயிற்றே!

மறுநாள் அதே ஜீப், அதே ஆட்டம். ஊரில் இறங்கினால் அதே கோட்டு. ஆனால் உள்ளே வேறொரு பெண் இருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. சரி, இவள்தான் உண்மையான செவந்தி என்று நிம்மதியோடு கிட்டே போனேன்.

"நீதான் செவந்தியாம்மா?"

"ஆமாங்க மேடம். இன்னைக்கு."

"இன்னைக்குன்னா? நேத்து வேற ஒருத்தங்க இருந்தாங்களே?"

"அது சின்னப்பொண்ணு அக்காங்க. நேத்து அவங்க மொறை."

கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டம் கூடிவிட்டது. யாரும் என்னைத் திருப்பிக் கத்தவில்லை. ஒரு நாற்காலி வந்தது, டீ வந்தது. ஊர்க்கவுண்டர் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தார். ஊரில் எந்தப் பேச்சையும் தீர்த்துவைக்கிற மனிதர். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா, கோவிச்சுக்காதீங்க. தண்ணி பாய்ச்சறதுன்னா மொறை. கோயில்ல வெளக்குப் போடறதுன்னா மொறை. ஊருக்குன்னு ஒண்ணு வந்தா ஊட்டுக்கு ஒரு நாளுங்க. இந்த வேலையும் அப்படித்தானுங்க."

"இது ஊருக்கு வந்ததில்லைங்க. செவந்திக்கு வந்தது. நேர்காணல் வச்சு எடுத்தது."

"மொதல்ல நாங்களும் அப்படித்தானுங்க நெனச்சோம். அந்தப் புள்ள கோட்டுப் போட்டுக்கிட்டு ஊடு ஊடாப் போச்சு. ஒருத்தரும் கை நீட்டல. சம்பளம் உனக்கு, ரத்தம் எங்குளுதான்னு கேட்டுப்போட்டாங்க. அவங்க கேட்டதும் நாயந்தானுங்களே? அதுக்கப்புறம் வேலைக்கும் சம்பளத்துக்கும் சேத்து மொறை வெச்சோம். இப்ப எல்லா ஊட்டுலயும் கை நீட்டறாங்க. கொறை சொல்ல முடியுமுங்களா?"

முடியாது. அதுதான் எனக்கு அடுத்த குழப்பம். மற்ற ஊர்களில் பாதி வீடுகள் கதவையே திறப்பதில்லை, தலைச்சோலையில் மட்டும் ஒரு வீடு விடாமல் வருகிறது என்று எங்கள் விஞ்ஞானிகள் போகிற இடமெல்லாம் பெருமை பேசுவார்கள். அந்தப் பெருமைக்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது. இதைப் பாராட்டுவதா, புகார் எழுதுவதா?

மதியம் உண்மையான செவந்தி வந்தாள். தன் முறை இல்லாததால் எஸ்டேட்டில் களை எடுக்கப் போயிருந்தாளாம். ஒல்லியான பெண். என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஊட்டுக்கு வாங்க மேடம், சாப்பிட்டுப் போலாம்" என்றாள். அவள் அம்மா ராகிக் களியும் மொச்சைக் குழம்பும் போட்டார். எங்கள் வீட்டில் களி என்றால் திருவாதிரைக்குச் செய்கிற வெல்லக் களிதான், அதை மென்றுதான் பழக்கம். இதையும் மென்றேன். "முழுங்கோணுமுங்க" என்று செவந்தியின் அம்மா சிரித்தார். குழம்பு அபாரம். கூச்சப்படாமல் மறுபடியும் வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் செவந்தி கூட வந்தாள். வீடுகள் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மேடம், எழுதறது பூரா நாந்தானுங்க. சாயங்காலமானா யாரு மொறையோ அவங்க ஊட்டுக்குப் போய், யாரு யாருக்குக் குத்துனாங்கன்னு கேட்டு எழுதிக் குடுத்துருவேன். குத்தறதுக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அது கஷ்டமா இருக்கா?"

"கஷ்டமெல்லாம் இல்லைங்க." பாதையில் கிடந்த ஒரு சுள்ளியை எடுத்து ஒடித்தாள். "எங்க பெரியப்பா ஊடு, எங்க ஊடு, சித்தப்பா ஊடு, எல்லாம் ஒண்ணுதானுங்க. ஒரு பசுமாடு, அதுவும் பங்கு. கொல்லைக்காடும் பங்கு. நொம்ப ஆசைப்பட்டுப் படிச்சேனுங்க. நேர்காணல்ல என் பேரைக் கூப்பிட்டப்ப, ஒண்ணாச்சும் என்னுதுன்னு இருக்கும்னு நெனச்சேன்."

ஜீப் நிற்கிற இடம் தெரிய ஆரம்பித்ததும் நடையைக் குறைத்தாள்.

"நீங்க சொன்னாக் கேப்பாங்க மேடம். ஒரு ஆளுதான் பாக்கோணும், அதுதான் சட்டம்னு சொல்லிருங்க. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க. நானு இங்கதான இருக்கோணும்."

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே இதை உருட்டி உருட்டி யோசித்தேன். செவந்தி கேட்பது நியாயம். ஊர் கேட்பதும் நியாயம். ஒருத்தியிடம் கொடுத்தால் நாளைக்கு யாரும் விரல் நீட்டாமல் போகலாம். ஆய்வு படுத்துவிடும். கொடுக்காவிட்டால் இந்தப் பெண் தான் வாங்கிய வேலையில் தானே கூலிக்கு நிற்கிறாள். பொருளாதாரத்தை எழுப்பி உட்கார வைப்பது என்று டெல்லியில் எழுதினார்களே, அவர்கள் யாரை மனதில் வைத்து எழுதினார்கள்? பஜ்ஜி காரம் மண்டைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீரோடு ஒரு முடிவுக்கு வந்தேன். சட்டம் என்று சொல்லிவிடுவது. அது பொய்யும் இல்லையே.

மறுநாள் கோயில் முன்னால் ஊரைக் கூட்டச் சொன்னேன். எழுந்து நின்று, என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்க, "ஒரு வேலைன்னா ஒரு ஆள்தான். தினமும் அதே ஆள் இருக்கணும். இது அரசாங்க விதி. இல்லைன்னா வேலையே போயிடும்" என்றேன். செவந்தி பெண்கள் வரிசையில் கடைசியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

சண்டை வரும் என்று பயந்துகொண்டு நின்றேன். ஊர்க்கவுண்டர் பக்கத்தில் இருந்தவர்களோடு தணிந்த குரலில் பேசிவிட்டு, "சட்டம்னா சட்டந்தானுங்க. அப்படியே ஆவட்டும்" என்றார்.

இவ்வளவு சுலபமா! எனக்கு ஒரு சுற்றுப் பெருமை கூடிவிட்டது. போட்டோவுக்கு எந்த மரத்தடி நன்றாக இருக்கும் என்றுகூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

"அப்பச் சரி. எந்த ஆளுன்னு சாமிகிட்டக் கேட்டுருவோமுங்க" என்றார் கவுண்டர்.

எந்த ஆளா? எனக்குப் புரிவதற்குள் பூசாரி உள்ளே போய்விட்டார். ஊரில் ஒன்றைப் பலபேர் கேட்டால், பூப்போட்டுத்தான் முடிவு செய்வார்களாம். சாமி சிலையின் தோளில் ஈரப்பூ ஒன்றை ஒட்டவைத்து, ஒரு பெயரைச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். வலது பக்கமாக விழுந்தால் அந்தப் பெயருக்குச் சம்மதம். விழாமல் நின்றால் அடுத்த பெயர்.

முதல் பெயராகச் செவந்தியைத்தான் சொன்னார்கள். அந்த மரியாதையைக் கொடுத்தார்கள். பூ ஒட்டிக்கொண்டு நின்றது. ஊரே மூச்சைப் பிடித்துப் பார்த்தது. எனக்கு அந்தப் பூவைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியவில்லை. விழு, விழு என்று மனதுக்குள் கெஞ்சினேன். காற்று என்று ஒன்று ஊரிலேயே இல்லை. கடைசியில் பூசாரி அந்தப் பூவை எடுத்துவிட்டு வேறு பூவை வைத்தார். கைக்குழந்தைக்காரியின் பெயர். அதுவும் நின்றது. அடுத்து சின்னப்பொண்ணு. சொல்லி முடித்ததும் பொத்தென்று வலது பக்கம் விழுந்தது.

சின்னப்பொண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். புருஷன் இல்லாமல் இரண்டு பெண் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவர் என்று பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார். அழுதபடியே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, "நீங்க நல்லா இருக்கோணுமுங்க மேடம்" என்றார். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

"இல்லைங்க, இது தப்பு" என்று கவுண்டரிடம் போனேன். "உத்தரவு செவந்தி பேர்ல இருக்கு. படிச்ச ஆள் வேணும்."

"பேரு செவந்தி பேராவே இருக்கட்டுங்க. எழுதறதுக்கு அந்தப் புள்ள இருக்குதுங்களே, எழுதிக் குடுக்கும்" என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில். "நீங்க பயந்துக்காதீங்க. சாமி குடுத்த வேலைக்கு யாரும் கை நீட்டாம இருக்க மாட்டாங்க. மொறையவிட இது நல்லதுங்க."

செவந்தியிடம் ஓடினேன். "நீ சொல்லும்மா. உன் வேலைன்னு சொல்லு. நான் இருக்கேன்" என்றேன். ஊரே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. "சாமி சொல்லிருச்சுங்களே மேடம்" என்றாள்.

சிக்னலுக்காக ஒரு பாறை மேல் ஏறி, மூச்சு வாங்க, இயக்குநருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இனிமே தினமும் ஒரே ஆள்தானே?" ஆமாம். "எல்லா வீட்டிலும் ரத்தம் கொடுப்பாங்கதானே?" கொடுப்பார்கள். "பேரை அப்புறம் பார்த்துக்கலாம். அந்த முதல் போட்டோ ரொம்ப நல்லா இருந்தது, அதையே வச்சுக்கலாம்" என்றார். ஊர்க்கவுண்டரும் எங்கள் இயக்குநரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. எப்படி இப்படி ஒத்துப்போனார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கோபம் வந்தது. அழுகை வந்தது. பாறையிலிருந்து இறங்கத் தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் காலை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஒரு பெண் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். செவந்தி. என்னைப் பார்த்துத் திகைத்தாள். பிறகு, வேறு சீட்டுகள் காலியாக இருந்தும், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கம்மா?"

"திருப்பூருங்க மேடம். எங்க மாமா பொண்ணு பனியன் கம்பெனியில இருக்குதுங்க. எப்ப வேணா வரச் சொல்லிருக்குது."

"எழுதிக் குடுக்கிறது யாரு?"

"சின்னப்பொண்ணு அக்கா பெரிய பொண்ணு பத்தாவது படிக்குதுங்க. நேத்தே சொல்லிக் குடுத்துட்டேன்."

வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. மலையில் இருக்கிறவர்கள் மலையிலேயே பிழைக்க வேண்டும் என்றுதான் அந்தப் பணம் வந்தது. அதை என் கையால்தான் கோப்பில் எழுதியிருக்கிறேன். அது வந்த ஊரிலிருந்து, அந்த வேலைக்கான படிப்பு படித்த ஒரே பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து கீழே போய்க்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

"என் மேல கோவமா?" என்றேன்.

"உங்க மேல என்னங்க கோவம். நாந்தானுங்க சொல்லச் சொன்னேன்."

அடிவாரம் வந்ததும் கீழ்க்காற்று சூடாக முகத்தில் அடித்தது. அவள் பையை மடியில் இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டாள். ஏதோ கேட்க வாயெடுத்து, நிறுத்தி, மறுபடியும் என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், அங்க பனியன் கம்பெனியில, ஒரு மிஷினுக்கு ஒரு ஆளுதானுங்களே?"

"ஆமாம்மா. ஒரு ஆள்தான்."

"அது போதுமுங்க" என்றாள்.